கோதுமை படாத ரொட்டி
(வெம்பாக்கத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீட்டிலேயே ரொட்டி சுடுவது எப்படி என்று பேச அழைத்தார்கள். சரி என்றேன். ஆனால் கடை ரொட்டியைப் பார்த்து அப்படியே வீட்டில் சுடுவதற்கு ஒரு சொற்பொழிவு எதற்கு? பேக்கரி இல்லாத ஊர் உண்டா? நான் பேச வந்தது வேறொரு ரொட்டியைப் பற்றி. கோதுமை ஒரு துளியும் படாத ரொட்டி. அது யாருக்கு வேண்டும், ஏன் வேண்டும், எப்படிச் சுட வேண்டும் என்பதுதான் இன்றைக்குப் பேச்சு. நான் மருத்துவர் இல்லை. மனையியல் பாடம் நடத்தியவள். அடுப்பங்கரையிலிருந்துதான் பேசுவேன். மருத்துவம் வரும் இடத்தில், மருத்துவர்கள் எழுதி வைத்ததைச் சொல்லுவேன்.

ஒரு கேள்வி கேட்கிறேன். சொந்தக்காரர் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். பார்க்கப் போகிறோம். கையில் என்ன வாங்கிக்கொண்டு போவோம்? ஒரு பாக்கெட் பிரட். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். வீட்டுக்கு வந்த பிறகு, உடம்புச் சூடு தணியட்டும் என்று பார்லிக் கஞ்சி. இந்த மூன்றுக்கும் நம் நாட்டில் நல்ல பேர். நோயாளிக்கு ஏற்றது, சுலபமாகச் செரிக்கும் என்று பேர்.

இந்த மூன்றும் கூடாது என்கிற பிள்ளை ஒன்று நம் தெருவிலேயே இருக்கலாம் தெரியுமா? பிரட்டில் கோதுமை. ஹார்லிக்சில் கோதுமையும் முளைகட்டிய பார்லியும். கஞ்சியில் பார்லி. கோதுமையிலும் பார்லியிலும் ரை என்கிற ஐரோப்பியத் தானியத்திலும் குளூட்டன் என்றொரு புரதக் கூட்டம் இருக்கிறது. சிலருடைய உடம்பு அந்தப் புரதத்தை எதிரி என்று எடுத்துக்கொள்கிறது. எதிரியை அடிப்பதாக நினைத்துத் தன் சிறுகுடலையே அடித்துக்கொள்கிறது. குடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்சுகிற நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிப்போகின்றன. அப்புறம் எவ்வளவு போட்டாலும் பிள்ளை தேறாது. வயிறு உப்பும், கை கால் மெலியும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாலும் ரத்தசோகை தீராது. வயதுக்கேற்ற உயரம் வராது. இதற்குச் சீலியாக் நோய் என்று பேர். மருந்து கிடையாது. ஊசி கிடையாது. வாழ்நாள் முழுக்கக் கோதுமையையும் பார்லியையும் ரையையும் விட்டுவிடுவது ஒன்றுதான் வைத்தியம். விட்டுவிட்டால் குடல் மறுபடி தளிர்க்கும், பிள்ளை வளரும்.

நம் பக்கத்தில் இது அபூர்வம். எவ்வளவு அபூர்வம்? 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. அதை முன்னின்று நடத்தியவர் நம் பக்கத்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நெடுங்காலம் பணிபுரிந்த குடல் மருத்துவர் பி.எஸ்.ராமகிருஷ்ணா. வடக்கிலும் வடகிழக்கிலும் தெற்கிலுமாக 23,331 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கு இருந்தது. தெற்கே நூற்றுக்கு 0.10. அதாவது வடக்கே ஆயிரம் பேரில் பன்னிரண்டு பேர், தெற்கே ஆயிரத்தில் ஒருவர்.

நம் ரத்தம் வேறு, அவர்கள் ரத்தம் வேறா? அதையும் பார்த்தார்கள். இந்த நோய் வருவதற்கு வேண்டிய மரபணு வடக்கே நூற்றுக்கு 38 பேரிடம் இருந்தது, தெற்கே 36 பேரிடம். கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியானால் எது வேறு? தட்டு வேறு. வடக்கே ஒருவர் சாப்பிடும் கோதுமை நாளுக்கு 455 கிராம். தெற்கே 25 கிராம். இவ்வளவுதான் விஷயம். நாம் சோறு சாப்பிட்டோம், களி சாப்பிட்டோம், கூழ் குடித்தோம். நோய்க்கு இடம் கிடைக்கவில்லை.

ஆனால் இன்றைக்கு நம் தட்டைப் பாருங்கள். சர்க்கரை என்று சொன்னவுடன் ராத்திரிக்குச் சப்பாத்தி. பிள்ளைகளுக்கு நூடுல்ஸ். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பரோட்டா. பள்ளிக்கூடத்துக்கு பிஸ்கட். அந்த 25 கிராம் எங்கே நிற்கும்? மரபணு நம்மிடமும் இருக்கிறது, கோதுமையும் வந்துகொண்டே இருக்கிறது. எனவே ஆயிரத்தில் ஒருவர்தானே என்று நாம் அலட்சியமாக இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். அந்த ஒருவருக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. நோய் அபூர்வம் என்பதாலேயே சந்தேகப்பட மாட்டார்கள். பூச்சி மருந்து கொடுப்பார்கள், டானிக் எழுதுவார்கள், குலதெய்வத்துக்கு முடிந்து வைப்பார்கள். வருஷம் ஓடிவிடும்.

நம்மை விடுங்கள், சீமை மருத்துவர்களே இதைக் கண்டுபிடிக்கத் தடுமாறிய கதை ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். 1887இல் லண்டனில், குழந்தைகள் மருத்துவமனையில், சாமுவேல் கீ என்ற மருத்துவர் இந்த நோயைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். எப்பேர்ப்பட்ட கண் அவருக்கு! நோயின் அடையாளங்களை அப்படியே படம் பிடித்தாற்போலச் சொன்னார். இது தீருமானால் சாப்பாட்டால்தான் தீரும் என்றும் சொன்னார். அதுவரைக்கும் சரி. அடுத்தது என்ன சொன்னார் தெரியுமா? அரிசி கூடாது. ஜவ்வரிசி கூடாது. ரொட்டியை மெல்லியதாக வெட்டி இரண்டு பக்கமும் நன்றாக வாட்டிக் கொடுக்கலாம் என்றார்!

கேட்டீர்களா? காப்பாற்றும் அரிசியைத் தடுத்தார், கெடுக்கும் ரொட்டியைக் கொடுத்தார். ஒரு பிள்ளைக்குத் தினமும் கடல் சிப்பி கொடுத்துப் பார்த்தாராம், நன்றாகத் தேறியதாம். சிப்பிப் பருவம் முடிந்ததும் பழையபடி ஆகிவிட்டது. அடுத்த வருஷம் சிப்பி வந்தபோது பிள்ளை வாயைத் திறக்கவே இல்லையாம். குழந்தைகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

ரொட்டிதான் குற்றவாளி என்று தெரிய இன்னும் அறுபது வருஷம் ஆயிற்று. நெதர்லாந்து நாட்டில் வில்லெம் டிக்கெ என்ற குழந்தை மருத்துவர். ஒரு தாய், தன் பிள்ளைக்கு ரொட்டியை நிறுத்தினால் உடம்பு தேவலையாகிறது என்று சொன்ன செய்தி அவர் காதில் விழுந்ததாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். மருத்துவருக்கு முன்னால் கண்டுபிடித்தவள் ஒரு தாய்! அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. 1944 கடைசியிலும் 1945 தொடக்கத்திலும் அந்த நாட்டில் பெரும் பஞ்சம். கோதுமை இல்லை, ரொட்டி இல்லை. ஜனங்கள் துலிப் பூச்செடியின் கிழங்கைத் தின்றார்கள். ஊரே வாடியபோது இந்த நோய் கண்ட பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். போர் முடிந்தது, ரொட்டி வந்தது, நோயும் திரும்பி வந்தது. இனி என்ன சாட்சி வேண்டும்? 1950இல் டிக்கெ இதையெல்லாம் ஆய்வேடாக எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்துதான் கோதுமை இல்லாத உணவு வைத்தியமாயிற்று.

சரி, கோதுமையை விட்டாயிற்று. ரொட்டிக்கு என்ன செய்வது?

அதற்கு முதலில், கோதுமை ரொட்டி ஏன் பஞ்சுபோல எழும்புகிறது என்று பார்க்க வேண்டும். நெசவாளர் ஊரில் இதைச் சொல்வது சுலபம். கோதுமையில் கிளயடின், குளூட்டனின் என்று இரண்டு புரதங்கள். தண்ணீர் விட்டுப் பிசையப் பிசைய, ஒன்று பாவாகவும் ஒன்று ஊடையாகவும் பின்னிக்கொள்கின்றன. ஒன்று இழுபடும் தன்மையைக் கொடுக்கிறது, இன்னொன்று அறுந்துபோகாத வலுவைக் கொடுக்கிறது. ஈஸ்ட் விடுகிற காற்று இந்த நெசவுக்குள் மாட்டிக்கொள்கிறது, வெளியே போக முடியாமல் மாவை மேலே தூக்குகிறது. பரோட்டா மாஸ்டர் மாவைக் காற்றில் வீசி மெல்லிய துணியாக விரிக்கிறாரே, கிழியாமல் நிற்பது இதனால்தான். அரிசி மாவில் அப்படி வீச முடியுமா? முடியாது. அரிசியில் அந்த நூல் இல்லை. கேழ்வரகில் இல்லை, சாமையில் இல்லை, கம்பில் இல்லை.

நூல் இல்லாத ஊரில் நாம் காற்றைப் பிடிக்கவே இல்லையா? இட்லி எப்படி எழும்பியது?

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். கோதுமை படாத ரொட்டி என்றதும் ஏதோ அமெரிக்காவிலிருந்து வந்த புது விஷயம், பெரிய கடையில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மூன்று பங்கு விலைக்கு விற்பது என்று நினைக்கிறோம். உங்கள் ஊரிலிருந்து வடக்கே புறப்பட்டால் காஞ்சிபுரம் எவ்வளவு தூரம்? பஸ் ஏறி உட்கார்ந்து கண் அசரும் முன் வந்துவிடும். அங்கே வரதராஜப் பெருமாள் கோயிலில் குடலை இட்லி நிவேதனம் ஆகிறது. பச்சரிசியும் உளுந்தும் கொரகொரவென்று அரைத்து, புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை போட்ட மூங்கில் குடலைக்குள் ஊற்றி ஆவியில் வேகவைக்கிறார்கள். கையளவு வட்டம் என்று நினைக்காதீர்கள். முழங்கை நீளத்துக்கு நிற்கும். வெட்டித் துண்டு போட்டுத்தான் கொடுக்க வேண்டும். புளித்து எழும்பிய மாவு, நீளமான அச்சு, வெந்த பிறகு துண்டு போடுவது. இதற்கு மேல் ரொட்டிக்கு வேறென்ன இலக்கணம்? அடுப்பில் சுடவில்லை, ஆவியில் வேகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இது எப்படி எழும்புகிறது என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பார்த்து 1965இல் எழுதினார்கள். மாவைத் தூக்குவது ஈஸ்ட் இல்லை, லூகோநாஸ்டாக் என்ற நுண்ணுயிர் என்று கண்டார்கள். அதை நாம் தனியாகச் சேர்ப்பதில்லை, உளுந்தோடும் அரிசியோடும் தானாகவே வருகிறது. சரி, காற்று வந்தது. யார் பிடித்து வைப்பது? அதற்குப் பதில் நம் மைசூரில் கிடைத்தது. அங்கே மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் உளுந்தைப் பிரித்துப் பார்த்தார்கள். உளுந்தில் ஒரு வழவழப்பு இருக்கிறதல்லவா, அரைக்கும்போது கையில் ஒட்டுமே, அந்தப் பசைச் சர்க்கரையும் உளுந்தின் புரதமும் சேர்ந்துதான் குமிழியை உடையாமல் பிடிக்கின்றன என்று காட்டினார்கள். நூல் இல்லை, பசை இருக்கிறது. நம் பாட்டிமார்களுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. ஆனால் உளுந்தைத் தனியாக ஊறப்போட வேண்டும், தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பொங்கப் பொங்க அரைக்க வேண்டும், ஒரு உருண்டை எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும் என்று தெரியும். மிதக்கிறது என்றால் காற்றைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். இதைவிட நல்ல பரிசோதனை எந்த ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது?

ஆகவே, சீலியாக் நோய் கண்ட பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் பிறந்தது ஒரு பாக்கியம் என்றே சொல்வேன். பஞ்சாபில் ஒரு தாய், மூன்று வேளையும் ரொட்டி போடும் வீட்டில், இந்தப் பிள்ளைக்கு மட்டும் தனியாக என்ன செய்வது என்று தவிப்பாள். நமக்கு இட்லி, தோசை, ஆப்பம், புட்டு, இடியாப்பம், களி, கூழ். பிள்ளைக்குத் தனிச் சமையலே வேண்டாம், எல்லோரும் அதையே சாப்பிடலாம்.

அப்புறம் எதற்கு ரொட்டி என்று கேட்பீர்கள். பிள்ளை கேட்கும் என்பதுதான் பதில். பக்கத்து பெஞ்சுப் பையன் டிபன் பாக்சில் சாண்ட்விச் கொண்டு வருகிறான். பேக்கரி வாசலில் பன் வாசனை. பிறந்தநாளில் எல்லோரும் கேக் சாப்பிடும்போது இது மட்டும் சும்மா நிற்கிறது. நோயின் வலியைவிட இந்த வலி பெரிதாகிவிடும். வளர வளர ஒளித்துத் தின்னத் தொடங்கும். அதனால்தான் சொல்கிறேன், வாரத்துக்கு ஒரு ரொட்டி வீட்டில் சுடுங்கள்.

எப்படிச் சுடுவது? இனிமேல் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாவு. ஆரணிப் பக்கத்து அரிசிக்கும் களம்பூர்ப் பொன்னிக்கும் எங்கும் பேர் உண்டு. தூசி-மாமண்டூர் ஏரி நிறைந்தால் நம் வயல் நிறையும். அரிசிக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடையில் விற்கும் உலர்ந்த அரிசி மாவு வேண்டாம். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்பி, ஈரம் தொட்டும் தொடாமலும் இருக்கும்போது அரைத்துச் சலியுங்கள். கொழுக்கட்டைக்குச் செய்வோமே, அதே மாவு. ஏன் என்று கேட்டால் காரணம் ஜப்பானில் இருக்கிறது. அங்கே ஹிரோஷிமா பல்கலைக்கழகமும் தேசிய வேளாண் ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து, வெறும் அரிசி மாவு, தண்ணீர், ஈஸ்ட், சர்க்கரை, உப்பு, எண்ணெய் மட்டும் வைத்து ரொட்டி எழுப்பிக் காட்டின. 2017இல் அது வெளியானது. ரகசியம் மாவு அரைப்பதில் இருந்தது. காய்ந்த அரிசியை வேகமாக அரைத்தால் சூட்டிலும் அடியிலும் மாவுச்சத்தின் மணி சிதைந்துபோகிறது. சிதைந்த மணி தண்ணீரைக் குடித்துக் கூழாகிவிடும், குமிழி நிற்காது. ஈரத்தில் அரைத்தால் மணி முழுதாக இருக்கும், அந்தப் பொடி மணிகளே குமிழியைச் சுற்றி நின்று காக்கும். இடியாப்பத்துக்கு ஈர மாவுதான் வேண்டும் என்று மாமியார் அடித்துச் சொன்னாரே, சும்மா சொல்லவில்லை.

இந்த மாவு 200 கிராம். சாமை மாவு 100 கிராம். நம் மாவட்டத்து ஜவ்வாது மலையில் விளைகிற சாமையே போதும். ஜவ்வரிசியைப் பொடித்த மாவு 100 கிராம். சாமை சத்துக்கும் ருசிக்கும், ஜவ்வரிசி மென்மைக்கும். வெறும் அரிசியில் சுட்டால் வெள்ளை வெளேரென்று அழகாக இருக்கும், ஆனால் சாப்பிடச் சப்பென்று இருக்கும், நார்ச்சத்தும் கிடையாது. விலை கொடுத்து வாங்கும் ரொட்டிகள் பலவற்றின் குறையும் அதுதான்.

அடுத்து, நூலுக்குப் பதிலாகப் பசை. ஆவியில் வேகும் இட்லிக்கு உளுந்து போதும். உயரமாக எழும்பி ஒரு மணி நேரம் உலர்ந்த சூட்டில் நிற்க வேண்டிய ரொட்டிக்கு இன்னும் கெட்டியான பிடி வேண்டும். அது மருந்துக்கடையில் இருக்கிறது. இசப்கோல்! மலச்சிக்கலுக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறோமே, அதே உமி. குஜராத்தில் விளைந்து உஞ்சாவிலும் சித்பூரிலும் பக்குவமாகி உலகம் முழுக்கப் போகிறது. வெளிநாட்டுக்காரர்கள் அதை வாங்கித்தான் இந்த ரொட்டியைச் சுடுகிறார்கள். வாசனை, சர்க்கரை எதுவும் சேர்க்காத வெறும் உமியாக 20 கிராம் எடுத்து, 400 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி வையுங்கள். ஐந்து நிமிஷத்தில் கொழகொழவென்று கெட்டியாகும். அது கெட்டியான பிறகுதான் மாவில் சேர்க்க வேண்டும். நேரே மாவில் போட்டால் திப்பி திப்பியாக நிற்கும்.

மாவில் 7 கிராம் உலர்ந்த ஈஸ்ட், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, 8 கிராம் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு சிறு கரண்டி எலுமிச்சைச் சாறு. இசப்கோல் கூழை ஊற்றிக் கரண்டியால் கிளறுங்கள். பிசைய வேண்டாம்! கோதுமை ரொட்டி சுட்டுப் பழகியவர்கள் இங்கேதான் வீணாக மெனக்கெடுகிறார்கள். பிசைவது நூலைப் பின்னுவதற்கு. இங்கே நூலே இல்லை, எதைப் பின்னுவீர்கள்? கட்டியில்லாமல் கலந்தால் போதும். பார்க்க வடை மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்கும். ஐயோ தண்ணீர் கூடிவிட்டதே என்று பயந்து மாவு சேர்த்தீர்கள் என்றால் ரொட்டி செங்கல்லாகும். அரிசியும் இசப்கோலும் வேகும்போது அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும்.

எண்ணெய் தடவிய அச்சில் முக்கால் பங்குக்குக் குறைவாக ஊற்றி, ஈரக் கையால் மேலே சமப்படுத்தி மூடி வையுங்கள். கோதுமை மாவுக்கு இரண்டு தடவை எழும்ப விடுவார்கள். இதற்கு ஒரே தடவைதான். ஒருமுறை போன காற்று திரும்ப வராது. புத்தகத்தில் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கும். அது குளிர்நாட்டுப் புத்தகம். சித்திரை மாதத்து வெம்பாக்கத்தில் அரை மணியிலேயே விளிம்பைத் தொட்டுவிடும். விளிம்பைத் தொட்டதும் சூட்டில் வைத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் எழும்பட்டும் என்று ஆசைப்பட்டால் நடுவில் குழிந்து உட்கார்ந்துவிடும்.

ஓவன் இருந்தால் முன்கூட்டியே 200 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றி, 55 நிமிஷம் முதல் ஒரு மணி நேரம். ஓவன் இல்லையா? கவலை வேண்டாம். பெரிய குக்கரில் ஒரு விரல் உயரம் கல்லுப்பைப் பரப்பி, மேலே தாங்கி வைத்து, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு மூடிச் சூடேற்றுங்கள். கேக் சுடுகிறீர்களே, அதே முறை. தண்ணீர் ஊற்றக் கூடாது, வெயிட் போடக் கூடாது, இரண்டையும் மறக்காதீர்கள். மேல்பக்கம் பொன்னிறம் வராது, வெளுப்பாக இருக்கும். இறக்கியபின் தோசைக்கல்லில் திருப்பிப் போட்டு வாட்டினால் நிறம் வந்துவிடும்.

வெந்ததும் உடனே வெட்டக் கூடாது. வாசனைக்குப் பிள்ளைகள் நிற்காது, தெரியும். சூட்டில் வெட்டினால் உள்ளே பிசினாக ஒட்டும், வேகவில்லை என்று நினைப்பீர்கள். வெந்த மாவுச்சத்து ஆறும்போதுதான் உறைந்து நிற்கும். இரண்டு மணி நேரம் விடுங்கள். மறுநாளைக்கு வைக்க நினைக்காதீர்கள், பழைய சோறு விறைப்பது போலத்தான் இதுவும் விறைக்கும். மிஞ்சியதை அன்றைக்கே துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது கல்லில் வாட்டிக்கொள்ளலாம். உளுந்தின் மேல் பிரியமுள்ளவர்கள் ஒரு கைப்பிடி உளுந்தை ஊறவைத்துப் பொங்க அரைத்துச் சேர்க்கலாம், தண்ணீரை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சகோதரிகளே, ரொட்டி சுடுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, கோதுமை எந்த வழியாக உள்ளே வருகிறது என்று காவல் காப்பது. அது நேர்வழியில் மட்டும் வருவதில்லை. ரவை கோதுமை. சேமியா கோதுமை. இவை தெரிந்தவை. சத்துமாவில் கோதுமையும் பார்லியும் கலந்திருக்கும். சோயா சாஸில் கோதுமை உண்டு. இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பெருங்காயம்! சாம்பாரிலும் ரசத்திலும் ஒரு சிட்டிகை போடுகிறோமே, அந்தக் கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றில் மைதா கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கடையில் கிடைக்கிறது. நான் புகழ்ந்த குடலை இட்லியிலும் பெருங்காயம் சேர்ப்பதுண்டு. ஆகவே அந்தப் பிள்ளைக்கு வீட்டில் செய்து கொடுங்கள்.

ஒரு சிட்டிகைக்கு இவ்வளவு கூச்சலா? கணக்குப் பார்ப்போம். சீலியாக் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு நாளுக்கு 10 மில்லிகிராம் வரைக்கும் குளூட்டன் கெடுதல் செய்வதில்லை என்கிறார்கள். ஒரு துண்டு கோதுமை ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம் இருக்கிறது. 2 கிராம் என்றால் 2,000 மில்லிகிராம். அந்தத் துண்டை இருநூறாகக் கிள்ளினால் ஒரு கிள்ளல்தான் அன்றைக்கெல்லாம் எல்லை. சப்பாத்திக் கல்லில் ஒட்டிய மாவு போதும் எல்லையைத் தாண்ட. அதனால்தான் நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அந்தப் பொருளில் குளூட்டன் இல்லை என்று அச்சிடக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது.

இப்போது நம் ஊர் மாவு மிஷினை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் வந்தவர் கோதுமை அரைத்துவிட்டுப் போகிறார். அடுத்து உங்கள் கேழ்வரகு. முதலில் விழும் மாவில் பாதி அவருடைய கோதுமை! கேழ்வரகில் குளூட்டன் இல்லை என்பது உண்மைதான், ஆனால் பையில் இருப்பது வெறும் கேழ்வரகு இல்லை. இந்தப் பிள்ளை உள்ள வீடு மிஷினுக்குப் போகக் கூடாது. வீட்டு மிக்சியில் அரைத்துச் சலியுங்கள், மாவு கொஞ்சம் கரகரப்பாக இருந்தால் இருக்கட்டும். இங்கே வந்திருக்கும் சுயஉதவிக் குழுக்களுக்கு ஒரு யோசனை. கோதுமையே நுழையாத ஒரு சிறிய அரவை எந்திரம் வைத்து, அரிசியும் சாமையும் கேழ்வரகும் மட்டும் அரைத்து விற்றால், வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் தேடி வருவார்கள். தொழிலாகவே நடத்தலாம்.

ஒரு கட்டத்தில் எல்லோருமே கோதுமையை விட்டுவிட வேண்டுமா என்ற கேள்வி வரும். வேண்டாம். நோய் இல்லாதவருக்குக் குளூட்டனை விடுவதால் தனியாக ஒரு லாபமும் இல்லை. உடம்பு இளைக்கும், முகம் பளபளக்கும் என்று விளம்பரத்தில் வருவதை நம்பிப் பணத்தைத் தொலைக்காதீர்கள். பரோட்டாவைக் குறைப்பது நல்லதுதான், அதற்குக் காரணம் வேறு, இன்னொரு நாள் பேசலாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, இன்று நம் பள்ளிகளில் காலை உணவு தருகிறார்கள். எத்தனையோ பிள்ளைகளின் காலைப் பசியைத் தீர்க்கிற நல்ல திட்டம். அந்தப் பட்டியலில் ரவை உப்புமாவும் சேமியா உப்புமாவும் கோதுமை ரவையும் இருக்கின்றன. அரிசி உப்புமாவும் வெண்பொங்கலும் இருக்கின்றன. உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இந்த நோய் என்று தெரிந்தால், எந்த நாளில் அது சாப்பிடலாம், எந்த நாளில் வீட்டிலிருந்து கொண்டு வரவேண்டும் என்று தாயோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சமைக்கும் அம்மாவிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு. இவ்வளவும் கேட்டுவிட்டு, வளராத பிள்ளை, வயிறு உப்பிய பிள்ளை, சோகை தீராத பிள்ளை வீட்டில் இருந்தால், நாளைக் காலையிலேயே கோதுமையை நிறுத்தத் தோன்றும். சிறு வயதிலேயே இன்சுலின் போடுகிற பிள்ளை இருந்தாலும் சந்தேகம் வர வேண்டும், அவர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வருகிறது. ஆனால் அவசரப்படாதீர்கள். இந்த நோய்க்கான ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உடம்பில்தான் சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டுப் போனால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இல்லை என்று தாள் வந்துவிடும். தேவைப்பட்டால் சிறுகுடலிலிருந்து துளி திசு எடுத்தும் பார்ப்பார்கள், அதற்கும் இதே விதிதான். முதலில் குழந்தை மருத்துவரிடம் போங்கள். சீலியாக் நோயாக இருக்குமா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். பரிசோதனை முடிந்து மருத்துவர் சொல்லுகிற வரைக்கும் கோதுமையை நிறுத்தாதீர்கள்.